அழியாததும் அழிக்கக்கூடாததும்

1

சேலத்திலிருந்து தருமபுரி போகும் பேருந்தில் அதியமான்கோட்டை வந்ததும் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து பையைத் தேட ஆரம்பிப்பார்கள். ஊர் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் 844-ஆம் எண் நெடுஞ்சாலை இங்கேதான் பிரிகிறது. விடிவதற்கு முன்னால் அந்தச் சாலையில் எதிர்ப்படும் வண்டிகளில் தக்காளிக் கிரேட்டுகள் அடுக்கியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் இந்தப் பிரிவில் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. அப்போது நான் எலக்ட்ரானிக் தராசுகளுக்கு நிரல் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் சர்வீஸ் பையன்.

“அண்ணா, மண்டியில நம்ம தராசு எல்லாம் கம்மியா காட்டுது. நீங்க அனுப்புன அப்டேட் போட்டதுக்கு அப்புறம்தான்.”

கண்டுபிடித்தது யார் தெரியுமா? நாங்கள் இல்லை. தக்காளி கொண்டுவந்த ஒரு பெரியவர். கிரேட்டை இறக்கிவிட்டு, தராசு மேடையில் தானே ஏறி நின்று பார்த்திருக்கிறார். “போன வாரம் 62 கிலோ இருந்தேன். இப்ப 60-ங்குது. நான் என்ன பட்டினியா கெடந்தேன்?”

எலக்ட்ரானிக் தராசு எடையை நேரடியாக அறியாது. மேடைக்கு அடியில் உள்ள லோட் செல், பாரத்துக்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தத்தைத் தரும். இத்தனை அழுத்தத்துக்கு இத்தனை கிலோ என்று சொல்ல ஒரு மாறிலி வேண்டும். தரப்படுத்தப்பட்ட எடைக்கற்களை வைத்து அந்த எண்ணைக் கண்டுபிடித்து, ஈஈப்ராம் என்கிற சின்னஞ்சிறு நினைவகச் சிப்பில் எழுதிவைப்பார்கள். மின்சாரம் போனாலும் அது அழியாது. அதே சிப்பில் தினசரிப் பதிவுகளையும் எழுத நான் ஒரு வசதி சேர்த்திருந்தேன். அதில் ஒரு முகவரிக் கணக்கு பிசகி, பதிவு போய் மாறிலியின் மேல் உட்கார்ந்துவிட்டது. மாறிலி கெட்டுப்போனதைத் தராசு சரியாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, நின்றிருக்க வேண்டும். ஆனால் “கெட்டுப்போனால் பொதுவான ஒரு மாறிலியை எடுத்துக்கொள்” என்று அதற்குச் சொல்லியிருந்தது இன்னொரு நிரல். அதுவும் நான் எழுதியதுதான். அந்தப் பொது மாறிலி 100 கிலோவை 97 என்று காட்டியது.

நாலு நாள் அப்படி ஓடியிருக்கிறது. மூன்று கிலோ குறைவாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் யார் யார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய பதிவே குழம்பிக் கிடந்தது.

தராசைக் கழற்றி வந்தார்கள். பக்கவாட்டில் முத்திரை ஆய்வாளர் அடித்த ஈய முத்திரை கம்பியோடு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. போர்டைப் பார்த்த சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏழாவது கால எதுக்குய்யா கிரவுண்டுல கட்டினீங்க?”

இந்தக் கட்டுரை அந்த ஏழாவது காலைப் பற்றியது.

2

நினைவகங்களின் வரலாற்றை, எழுதுவது மேலும் மேலும் சுலபமாகிக்கொண்டே போன கதையாகப் படிக்கலாம். எழுதுவது சுலபமாகும்போது தவறி எழுதுவதும் சுலபமாகிறது.

1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் ஈப்ராம் சிப்பை உருவாக்கினார். அதன் முதுகில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் இருக்கும். எழுதியதை அழிக்க வேண்டுமானால் சிப்பைப் பிடுங்கி எடுத்து, அந்த ஜன்னல் வழியே புற ஊதா ஒளியை இருபது நிமிடம் போலக் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்டுத் தானாக அழிந்துவிடாமல் இருக்க ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் தவறுதலாக எதையும் அழித்துவிட முடியாது. அவ்வளவு சிரமப்பட்டு யாரும் தவறு செய்வதில்லை.

எழுபதுகளின் கடைசியில், அதே இன்டெல்லில் ஜார்ஜ் பெர்லகோஸ் குழு மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய சிப்பைக் கொண்டுவந்தது. அதுதான் ஈஈப்ராம். ஜன்னலும் போயிற்று, ஊதா விளக்கும் போயிற்று. அடுத்து தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். மொத்தப் பகுதியையும் ஒரே மூச்சில் அழிப்பதால், கேமரா ஃப்ளாஷை நினைவுபடுத்துவதாகச் சொல்லி அவருடைய சக ஊழியர் வைத்த பெயர் அது. உங்கள் போனில் இருப்பதும் அதன் பேரப்பிள்ளைதான்.

சிரமம்தான் இதுவரை காவலாக இருந்தது என்பது சிரமம் போன பிறகுதான் தெரிந்தது. காவலைத் தனியாகச் செய்து வைக்க வேண்டியதாயிற்று. டேப் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி ரெக்கார்ட் செய்ய முடியாது. மனசு மாறினால் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும். ரெக்கார்டருக்குள் ஒரு நெம்புகோல் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துதான் பட்டனை அழுந்த விடும். ஃப்ளாப்பியில் அதுவே ஒரு வெட்டாக, பிறகு ஒரு சிறு தாழ்ப்பாளாக மாறியது.

எஸ்.டி. கார்டின் ஓரத்திலும் அப்படி ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. இங்கேதான் கதை திரும்புகிறது. அந்தத் தாழ்ப்பாளுக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கார்டைச் செருகும் இடத்தில் உள்ள ஒரு ஸ்விட்ச் தாழ்ப்பாளின் நிலையைப் பார்த்து மென்பொருளுக்குச் சொல்லும். மென்பொருள் மதித்தால் உண்டு. “பூட்டியிருக்கிறது, உள்ளே வராதீர்” என்று வாசலில் பலகை மாட்டி, கதவைத் திறந்தே வைத்திருப்பது மாதிரி.

பலகைக்கும் கதவுக்கும் உள்ள வித்தியாசம் 1999 ஏப்ரல் 26 அன்று பலருக்குப் புரிந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்க்கை அழித்ததோடு, சில வகை மதர்போர்டுகளில் பயாஸ் இருந்த ஃப்ளாஷ் சிப்பின் மேலும் குப்பையை எழுதியது. பயாஸ் போனால் கம்ப்யூட்டருக்கு எழுந்திருக்கவே தெரியாது. சிப்பையோ போர்டையோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஃப்ளாஷில் எழுதுவதை ஒரு ஜம்பரால் தடுத்து வைத்திருந்த போர்டுகளில் இந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. அந்த ஜம்பரைக் கழற்றி மாட்ட வைரஸுக்குக் கை கிடையாது.

3

தராசில் இருந்தது எட்டுக் கால் கொண்ட ஒரு ஈஈப்ராம். 24 என்று தொடங்கும் எண் கொண்ட இந்தக் குடும்பத்துச் சிப்புகள் எங்கும் இருக்கின்றன. டிவியில், ராம் மெமரிப் பலகையில், எங்கள் தராசில். அதன் தகவல் தாள் பத்து லட்சம் முறை எழுதலாம் என்கும், எழுதியது 100 வருடம் நிற்கும் என்கும். ஏழாவது காலின் பெயர் டபிள்யூ.பி. அதாவது ரைட் ப்ரொடெக்ட், எழுதவிடாமல் காப்பது. அந்தக் காலில் மின்னழுத்தம் இருந்தால் சிப் படிக்க மட்டும் விடும். தரையில் கட்டினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிறையப் போர்டுகளில் அதைத் தரையில்தான் கட்டுகிறார்கள். ஒரு வயர் மிச்சம், ஒரு தலைவலி மிச்சம். சில சிப்புகள், காவல் போட்டிருக்கும்போது எழுதச் சொன்னால் “சரி” என்று தலையாட்டிவிட்டு எழுதாமலே இருந்துவிடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

காலைத் தரையில் கட்டாமல் பிராசசரின் ஒரு முனையோடு இணைப்பது நல்ல வழக்கம். எழுதும்போது மட்டும் டிரைவர் அந்த முனையைத் தாழ்த்தி, எழுதி முடித்ததும் உயர்த்திவிட வேண்டும். வன்பொருளோடு பேசுகிற நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். லினக்ஸ் கர்னலில் இதை ஒவ்வொரு டிரைவரும் தன் பாட்டுக்குச் செய்துகொள்ளாமல், அழியா நினைவகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான என்விமெம் பகுதியிலேயே 2020-இன் தொடக்கத்தில் சேர்த்தார்கள். சேர்ந்த நிரல் சில வரிகள்தான். எழுதுவதற்கு முன்னால் முனையைச் சுழியமாக்கு. எழுது. ஒன்றாக்கு.

அந்தச் சில வரிகள் செய்யும் நன்மை பெரியது. மின்சாரம் தடுமாறும் நேரத்தில், பிராசசர் பாதி மயக்கத்தில் எதையாவது உளறும் நேரத்தில், கதவு சாத்தியே இருக்கும். ஆண்டு முழுக்க எழுதும் நேரத்தைக் கூட்டினாலும் அது சில நிமிடங்களைத் தாண்டாது. மற்ற நேரமெல்லாம் பூட்டு.

அன்று இரவு இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இது இருந்திருந்தாலும் என் பிழையைத் தடுத்திருக்காது. என் பதிவு நிரல் டிரைவரிடம் முறையாகத்தான் கேட்டது. டிரைவரும் முறையாகக் கதவைத் திறந்து, நான் சொன்ன தப்பான முகவரியில் எழுதி, முறையாக மூடியிருக்கும். எழுதுகிறவன் கேட்டதும் திறக்கிற பூட்டு, காற்றுக்கும் நாய்க்கும்தான் பூட்டு. எழுதுகிறவனுக்கு இல்லை.

அப்படியானால் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

4

இந்தக் கேள்வி சிலிக்கானுக்கு முந்தையது. அதியமான்கோட்டை தன் பெயரில் சுமக்கும் அந்த அரச மரபே ஒரு நினைவகச் சிக்கலாக ரொம்ப காலம் இருந்தது.

அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை, அவன் எல்லைக்கு வெளியே தெற்கில் இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒருவரையும் சொல்கிறது. முதல் மூவரை அறிவோம். நாலாவது யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் விவாதித்தார்கள். 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகைத்தளத்தில் ஒற்றை வரித் தமிழி எழுத்து கிடைத்தது. சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். தொல்லியல் துறையின் நாகசாமி அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனாக நாம் இலக்கியத்தில் படித்த அஞ்சி, கல்லில் எழுந்து நின்றான். ஏறத்தாழ 2000 வருடம் யாரும் புதுப்பிக்காமல், மின்சாரம் கொடுக்காமல், ஒரு வரி அப்படியே இருந்திருக்கிறது. சிப்பின் தகவல் தாள் சொல்லும் 100 வருடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கல் தானாக அழிவது அபூர்வம். ஆளால் அழியும். உளியால் கொத்தலாம், சுவரைப் பிரித்து வேறெங்காவது படிக்கல்லாகப் போடலாம். நம் காலத்தில் சுண்ணாம்பு அடித்தும், மணலைப் பீச்சிச் சுத்தம் செய்கிறேன் என்றும் எழுத்தை மழுக்கியிருக்கிறோம். இது தெரிந்துதான் நிலக்கொடை எழுதியவர்கள் கடைசி வரியில் ஒரு காவல் வைத்தார்கள். இந்தத் தருமத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்கிற சாபத்தைப் பிற்காலக் கல்வெட்டுகளில் நிறையப் பார்க்கலாம். சாபம் என்பது எஸ்.டி. கார்டின் தாழ்ப்பாள். மதிக்கிறவனைத்தான் தடுக்கும்.

அதைவிடச் சுவாரசியமானது சோழர் காலச் சிவன்கோயில் கல்வெட்டுகளின் முடிவில் வரும் ஒரு சொற்றொடர். பன்மாகேசுவர ரக்ஷை. சிவனடியார் அனைவரின் காவலில் இது இருக்கிறது என்று பொருள். கொடுத்த மன்னனின் காவலில் இல்லை, அனுபவிக்கும் அதிகாரியின் காவலில் இல்லை. எழுதியதோடும் அழித்தால் வரும் லாபத்தோடும் நேரடித் தொடர்பில்லாத ஒரு கூட்டத்திடம் சாவி கொடுக்கப்பட்டிருக்கிறது.

நியாயமாகவே அழித்து எழுத வேண்டி வந்தால்? அதற்கும் முறை இருந்தது. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். மகன் ராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவை மறுபடி வெட்டப்பட்டன. அப்படிச் செய்தோம் என்பதையும் கல்லிலேயே எழுதினார்கள். பேக்கப், அழிப்பு, மீட்பு, கூடவே அதற்கான பதிவு. அப்டேட் அனுப்புவதற்கு முன் நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

5

நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் தொட்டுப் பார்த்த, எழுதிய பின் மாற்றவே கூடாத நினைவகம் ஒன்று இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரம். அதன் உருவாக்கத்தில் நம்ம வாத்தியாருக்கும் பங்கு உண்டு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா, அந்தப் பணியை மேற்பார்த்தவர்களில் ஒருவர்.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாக வந்தது. சிவன் பிள்ளை 123 வாக்கில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் தேர்தலை ரத்து செய்தது. இயந்திரம் கெட்டது என்பதால் அல்ல, இயந்திரத்தில் வாக்குப் போடலாம் என்று சட்டத்தில் எழுதப்படவில்லை என்பதால். மறுவாக்குப்பதிவில் ஜோஸ் ஜெயித்தார். பிறகு சட்டம் திருத்தப்பட்டு 61ஏ என்ற பிரிவு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கவும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கவும் இயந்திரம்தான்.

பொறியாளர் கண்ணோடு பார்த்தால் அதில் இரண்டு நினைவகங்கள். ஒன்று நிரல் இருக்கும் இடம். அது ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது, மறுபடி எழுத வழியில்லை என்கிறது தேர்தல் ஆணையம். இன்னொன்று வாக்குகள் இருக்கும் இடம். அதை அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு வாக்கும் ஓர் எழுதுதல், அடுத்த தேர்தலுக்கு அழிக்கவும் வேண்டும். ஆக, எழுத அனுமதித்துக்கொண்டே காக்க வேண்டும். என் தராசின் பிரச்சினையேதான்.

காவல் அடுக்கடுக்காக இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் ‘க்ளோஸ்’ பட்டனை அழுத்துவார். அதன் பிறகு அடுத்த வாக்கை இயந்திரம் ஏற்காது. அது மென்பொருள் பூட்டு. ‘ரிசல்ட்’, ‘க்ளியர்’ பட்டன்கள் இருக்கும் அறையைக் காலையிலேயே, மாதிரி வாக்குப்பதிவு முடிந்து அதை அழித்துக் காட்டிய பின், மூடி முத்திரை வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பச்சைத் தாள் முத்திரை வரும். அதில் அலுவலரோடு வேட்பாளர்களின் முகவர்களும் கையெழுத்துப் போடுவார்கள், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத கட்சிக்காரர்கள் ஒரே தாளில் போடும் கையெழுத்து. எனக்கு அது பன்மாகேசுவர ரக்ஷைக்குத் தம்பி மாதிரி தெரிகிறது.

2010-இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்ரைப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்தார்கள். வாக்குகள் இருந்தது எங்கள் தராசில் இருந்ததைப் போன்ற ஈஈப்ராம் சிப்பில். அதன் மேல் துணிக் கிளிப் போல ஒரு சிறு கருவியை மாட்டி, சேமித்த வாக்குகளை மாற்றிக் காட்டினார்கள். தொட முடிந்தால்தானே மாற்ற முடியும், முத்திரையும் காவலும் தொட விடாது என்றது ஆணையத் தரப்பு. அந்த இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். ஒரு தேர்தல் அப்படி மாற்றப்பட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. சிப் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது, சுற்றியிருக்கும் மனிதர்கள்தான் காக்கிறார்கள் என்று அர்த்தம். இரு தரப்பும் சொன்னது ஒரு வகையில் இதைத்தான்.

அதனால்தான் பிறகு விவிபாட் சீட்டு வந்தது. வேறு பொருளில், வேறு விதத்தில் எழுதப்படும் இரண்டாவது நினைவு. 2024 ஏப்ரல் 26 அன்று, சி.ஐ.எச். விழித்த அதே தேதியில் 25 வருடம் கழித்து, உச்ச நீதிமன்றம் பழைய வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்பும் கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் சின்னங்களை ஏற்றும் கருவியை முடிவு வந்து 45 நாள் வரை முத்திரையிட்டு வைக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் எழுத்துமூலம் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களில் எரிக்கப்பட்ட நினைவகத்தைச் சரிபார்க்கவும் வழி செய்தது. 2025 பிப்ரவரியில் இன்னொரு வாக்கியம் சேர்ந்தது. சரிபார்க்கும்போது தரவை அழிக்கவோ மறுபடி ஏற்றவோ வேண்டாம். நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு நினைவகத்துக்கு ரைட் ப்ரொடெக்ட் போட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

6

தராசுக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன் விதிகளின்படி எலக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் இதைப் பார்க்கிறது. மாறிலியை மாற்றும் பட்டன் ஈய முத்திரைக்குப் பின்னால் இருக்கும். எங்கள் தராசிலும் இருந்தது. நான் உள்ளே போனது அந்தக் கதவு வழியாக அல்ல, பக்கத்தில் இருந்த கேபிள் வழியாக. முத்திரை பட்டனைக் காத்தது. நினைவகத்தை யாரும் காக்கவில்லை. முத்திரையிட்ட தராசின் நிரலை அப்படி மாற்றியிருக்கவே கூடாது என்பதை நிறுவனமும் நானும் தாமதமாகத்தான் ஒத்துக்கொண்டோம்.

அடுத்த போர்டில் மாறிலிக்கு மட்டும் தனியாக ஒரு சிப் வைத்தோம். பதிவுகள் வேறு சிப்பில். மாறிலிச் சிப்பின் ஏழாவது காலை டிரைவரின் கையில் கொடுக்கவில்லை. நான் எழுதிய டிரைவரை நான் அறிவேன். அந்தக் காலை ஒரு ஜம்பருக்குக் கொண்டுபோய், ஜம்பரை ஆய்வாளரின் முத்திரைத் தகட்டுக்கு அடியில் வைத்தோம். கம்பியை அறுக்காமல் யாராலும் எழுத முடியாது. நானே கேட்டாலும் முடியாது. மாறிலி கெட்டுப்போனால் தராசு இனி பொது எண்ணை எடுத்துக்கொள்ளாது. எடை காட்ட மறுத்து நிற்கும். மண்டிக்காரர் திட்டுவார், திட்டட்டும்.

புதுத் தராசை மாட்டிய அன்று நானும் போயிருந்தேன். அந்தப் பெரியவர் வந்திருந்தாரா என்று தெரியவில்லை. ஆனால் கிரேட்டை வைப்பதற்கு முன்னால் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றார். எண்ணைப் பார்த்தார். இறங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவரும் ஏறினார்.